பதினாலாம் நம்பர் தாயின் குட்டிகள்

1

எனக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் அப்படி ஒரு பேச்சு நடக்கிறது.

சாய்ந்தமருதிலிருந்து என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, போன மாதம் நீலக் கடுதாசியில் எழுதியிருந்தாள். "தம்பி, நீ மூள ஆஸ்பத்திரியில இரிக்கிறதாக் கேள்விப்பட்டு எங்களுக்குச் சோறு தண்ணி இறங்கல்ல. எத்தின நாளா இப்பிடி? மச்சான் பள்ளியில துஆ ஓதுவிச்சார். ஆமினாவும் புள்ளயும் பாவம்." அதற்குக் கீழே, இந்தப் போகம் கல்லோயா வாய்க்கால் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, நற்பிட்டிமுனை வயல் நன்றாக விளைந்தது என்று இரண்டு வரி. அதற்கும் கீழே மறுபடியும், "மருந்த ஒழுங்காக் குடி."

நான் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். என் மனைவி ஆமினா சிரிக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "கேட்டவங்க சரியாத்தான் கேட்டிரிக்காங்க. எலியோட கதைக்கிற மனிசன வேற என்னெண்டு சொல்ற?"

ஆகவே ஊராருக்கு அறிவிப்பது என்னவென்றால், நான் மூளை ஆஸ்பத்திரியில் நோயாளியாக இல்லை, வேலையாளாக இருக்கிறேன். இந்த மாதத்தோடு எட்டு வருடம். கொழும்பு ஆஸ்பத்திரியில் சோதனைக் கண்ணாடித் துண்டு கழுவி, மருந்தில் நிறம் ஏற்றப் பழகிய என்னை, இங்கிலாந்தின் வடக்கே புகை படிந்த ஒரு நகரத்தில் ஆய்வு அறை உதவியாளாக எடுத்தார்கள். எலிகளுக்குத் தீனி வைப்பது, அவை குட்டி போட்டால் பதிவது, செத்த எலியின் மூளையை வெற்றிலை நரம்பைவிட மெல்லியதாகச் சீவி, வெள்ளி கலந்த மருந்தில் தோய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. எலிகளோடு நான் கதைப்பது உண்மைதான். தமிழில் கதைக்க அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

2

எதற்காக இத்தனை பாடு என்று ராத்தா கேட்பாள். சொல்கிறேன்.

கையில் காயம் பட்டால் சீழ் வருகிறது, ஆறுகிறது. மூளையில் காயம் பட்டாலும் அங்கே சில நுண்ணிய உயிரணுக்கள் கூடி, செத்ததைத் தின்று துப்புரவு செய்கின்றன. அதை நுணுக்குக்காட்டியில் நானே பார்த்திருக்கிறேன். வயிறு புடைத்து, உருண்டு திரண்டு, காயத்தைச் சுற்றிக் குந்தியிருக்கும். கந்தூரிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி இருப்பதுபோல.

இவை எங்கிருந்து வந்தன என்பதுதான் வழக்கு. ஒரு கட்சி சொல்கிறது, இவை மூளையிலேயே குடியிருப்பவை, சும்மா இருக்கும் காலத்தில் மெல்லிய கிளை விட்டுக்கொண்டு அமைதியாக இருக்கும், காயம் பட்டதும் கிளையை இழுத்துக்கொண்டு புறப்படும் என்று. மற்றக் கட்சி சொல்கிறது, இல்லை, எல்லாம் இரத்தத்தோடு வெளியிலிருந்து வந்தவை என்று. எங்கள் புரொபசர் இரண்டாவது கட்சி. அதில் அவர் மிகவும் பிடிவாதம். உயரமான மனிதர், முட்டையை நின்றுகொண்டு தின்பார், யாரையும் நாலு வார்த்தைக்கு மேல் ஏசமாட்டார், ஆனால் அந்த நாலும் போதும்.

அவர் கண்ட வழி இது. எலியின் வாலில் ஓடும் இரத்த நாளத்தில் சிவப்புச் சாயம் ஏற்றுவது. இரத்தத்தில் திரியும் உயிரணுக்கள் சாயத்தைத் தின்று வயிறு சிவந்துவிடும். பிறகு எலிக்கு மயக்கம் கொடுத்து மூளையில் ஊசியால் ஒரு சிறு காயம். சில நாள் கழித்துச் சீவிப் பார்த்தால், காயத்தில் நிற்பவற்றில் வயிறு சிவந்தது வெளியூர், சிவக்காதது உள்ளூர்.

இதை ஒரு நாள் ஆமினாவுக்கு விளக்கினேன். அவள் மருதமுனையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். "சாயம் போகாதா?" என்று கேட்டாள். "என்ன?" என்றேன். "எங்கட வாப்பா நூலுக்குச் சிவப்புப் போட்டா, பக்கத்தில கிடக்கிற வெள்ள நூலும் சேந்து சிவக்கும். ஒண்டு செத்து அதுட சாயத்த மத்தது திண்டா, உள்ளூரும் சிவக்கும்தானே."

மறுநாள் அதைப் புரொபசரிடம் என் கேள்விபோல் கேட்டேன். அவர் முட்டையை வைத்துவிட்டு, என்னை முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதற்கென்றே இரண்டு மாதம் தனிச் சோதனை செய்து, சாயம் அப்படிப் போகவில்லை என்று உறுதி செய்தார். அந்தக் கேள்வி யாருடையது என்று நான் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. ஆமினாவுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

3

இங்கே எல்லாரும் என்னை வாப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். பாஸ்போட் எழுதிய கந்தோரில் என் பெயரையும் வாப்பா பெயரையும் முன்பின்னாகப் போட்டதில், நான் மிஸ்டர் மீராசாகிபு ஆனேன். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பத்து வருடம். அவரை இங்கே ஒரு நாளைக்கு நாற்பது தரம் கூப்பிட்டு, எலிக்கூடு கழுவச் சொல்கிறார்கள். ஆமினா மிஸிஸ் மீராசாகிபு. "மாமாட பொஞ்சாதி எண்டு என்னக் கூப்பிடுறாங்க, அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று முதல் வருடம் முழுக்க அவள் கதவு திறக்கவே மறுத்தாள்.

அவளுடைய பெரிய குறை வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் துணிப்பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குப் போனேன். சண்டை வந்தால் வாசலைப் பார்ப்பது ஆண்பிள்ளை. இங்கே வாடகைப் புத்தகத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. வந்த புதிதில் ஒரு சண்டையில் ஆமினா, "என்ட வீட்ட விட்டு வெளிய போங்க" என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்று, வீடு தன்னுடையது இல்லை என்று நினைவு வந்து, உட்கார்ந்து அழுதாள். நான் உடனே தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மழையில் நின்றேன். கொஞ்சம் கழித்து ஜன்னலைத் திறந்து, "வாங்க உள்ள, தடிமன் புடிக்கப் போகுது" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், ஹசீனா. ஒன்பது வயது. பாடசாலையில் அவளை ஹேசல் என்கிறார்கள், அந்தப் பெயருக்குத்தான் அவள் சட்டென்று திரும்புகிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில். உம்மாவோடு சண்டை பிடிக்கும்போது மட்டும் தமிழ் வருகிறது, அதுவும் நல்ல மருதமுனைத் தமிழ். ஆகவே நான் அந்தச் சண்டைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

போன மாதம் அவள் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில், விலாசம். ஆமினா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "உம்மாட பேருக்கு இடம் எங்க?"

"It's not needed, உம்மா" என்று ஹசீனா பாதியும் பாதியுமாகச் சொன்னாள். "வேணாமாம்."

"வேணாமா? வாப்பாவா உன்னப் பெத்த?"

படிவம் அலுமாரியின் மேல் கிடந்தது. யாரும் நிரப்பவில்லை.

4

அதே கிழமைதான் என் பிழையை நான் கண்டுபிடித்தேன்.

புரொபசர் ஒரு பெரிய சபையில் தன் முடிவைச் சொல்லவிருந்தார், அதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அங்கே காட்டுவதற்கு மிக நல்ல கண்ணாடிகள் பதினொன்றை அவரே தேர்ந்து ஒரு பெட்டியில் வைத்தார். காயம் முழுக்கச் சிவந்த வயிறுகள். எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். "பதிவேட்டைத் துப்புரவாகப் பிரதி எடு. பதினொன்றுக்கும் எண் சரி பார்" என்றார்.

பதிவேட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி. கூட்டு எண், பிறந்த நாள், பிறகு 'ஆண்' என்று அச்சடித்த ஒரு பத்தி. ஒரு ஆண் எலியோடு நாலு பெண் எலிகளை ஒரே கூட்டில் விடுவார்கள். ஆகவே குட்டிக்கு அடையாளம் தகப்பன் எண். அதைத்தான் அங்கே எழுதவேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அதைச் சொல்லித் தந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

பிரதி எடுக்கத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் எனக்குக் கை நின்றது. அந்தப் பத்தியில் எழுதியிருந்தது ஒன்றும் தகப்பன் எண் இல்லை. எல்லாம் தாயின் எண். ஒன்றரை வருடமாக, இந்தச் சோதனை தொடங்கிய நாளிலிருந்து, என் கையெழுத்தில். குட்டிகளைத் தாயின் வயிற்றடியிலிருந்து எடுத்துக் காதில் குறி வெட்டும்போதே, 'இது பதினாலின் பிள்ளை, இது ஒன்பதின் பிள்ளை' என்று வாயில் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறேன். யாருடைய பிள்ளை என்று என் மனம் கேட்டால், கை தாயைத்தான் எழுதும். அதைத் தப்பென்று எனக்கு ஒரு நாளும் படவில்லை.

ஊரிலிருக்கும் உங்களுக்கு இது விளங்கும். இங்கே யாருக்கும் விளங்காது.

சின்ன வயதில் கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் நான் தொலைந்துபோனேன். பாலமுனை, ஒலுவில் என்று எல்லா ஊர்ச் சனமும் வந்து குந்துகிற கூட்டம். அழுதுகொண்டு நின்ற என்னை ஒரு மீன்காரர் தூக்கி, "ஆர்ர புள்ள?" என்று கேட்டார். வாப்பா பெயரைச் சொன்னேன். "அந்தப் பேரில நூறு பேர் இரிக்காங்க. உம்மா ஆரு? என்ன குடி?" உம்மா பெயரையும் குடியையும் சொன்னேன். அவர் ஒரு தரம் உரத்துக் கூப்பிட்டதும், கூட்டத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுந்து நின்றது. என் உம்மாவின் குடி. நான் ஒருநாளும் பார்க்காத பெண்கள் என்னைக் கையிலிருந்து கைக்கு மாற்றி, உம்மாவிடம் சேர்த்துவிட்டார்கள்.  தாய் வழியில் வருவதுதான் குடி என்பதை எனக்கு யாரும் உட்கார்த்திப் படிப்பிக்கவில்லை.

ஆனால் பிழை பிழைதான். எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவரை ஒரே ஒரு போத்தலில் பெயர் மாற்றி ஒட்டியதற்காக அனுப்பிவிட்டார்கள். என் வேலை வருடா வருடம் எழுதிப் புதுப்பிக்கிற வேலை. அந்தக் கடிதம் வரும் மாதமும் அதுதான்.

இதைக்கூட நான் மறைத்திருப்பேன். ஆண் எலிகளின் எண்ணைக் கூட்டு எண்ணை வைத்துக் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டு பக்கம் மாற்றியும் விட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அப்போதுதான் அந்தப் பதினொரு கண்ணாடிகளின் வரிகள் வந்தன. பதினொன்றுக்கும் பழைய பத்தியில் ஒரே எண். பதினாலு.

பதினாலாம் நம்பர் தாயை எனக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் நெஞ்சில் சளி. மூச்சு விட்டால் கொர் கொர் என்று கேட்கும். அவளுக்கு நான் 'கிழவி' என்று பெயர் வைத்திருந்தேன். அவள் குட்டிகளும் பிறந்ததிலிருந்தே இருமின. மற்றத் தாய்மாரின் குட்டிகளுடைய கண்ணாடிகளை மேசை லாச்சியை இழுத்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கேயும் காயத்தைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. ஆனால் சிவந்த வயிறு அங்கொன்று இங்கொன்று. மற்றவையெல்லாம் வெறும் வயிறு.

 நெஞ்சுச் சளி நோயால் அந்தக் குட்டிகளின் இரத்தத்தில் சாயம் தின்னும் உயிரணுக்கள் பெருகியிருக்கவேண்டும். புரொபசர் சபைக்குக் கொண்டுபோவது மூளையின் கதை இல்லை, ஒரு நோயாளித் தாயின் குடும்பக் கதை. இதைத் தகப்பன் எண்ணை வைத்துப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியவராது. ஏனென்றால் அதே தகப்பனுக்கு வேறு மூன்று தாய்மாரிடமும் குட்டிகள் இருந்தன, எல்லாம் கலந்துபோயிருக்கும். என் பிழை இருந்தால் மட்டும்தான் இது தெரியும். சொன்னால் என் பிழையையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

5

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஆமினா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராத்தாட காயிதம் உண்மதான் போல. என்ன நடந்த?"

எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பதினாலாம் நம்பரைப் பற்றிச் சொன்னபோது சிரிப்புப் போய்விட்டது.

"சொன்னா வேலை போகும்" என்றேன். "எட்டு வருசம். புள்ளட படிப்பு பாதியில நிக்கும். ஊருக்குப் போய், பிழை விட்டுத் துரத்தினாங்க எண்டா சொல்ற?"

"சொல்லாட்டி?"

"அந்த மனிசன் நாலு பேருக்கு முன்னால பிழையானதச் சொல்லுவார். அதப் பாத்து மத்தவங்களும் எழுதுவாங்க."

அவள் என் தட்டை எடுத்து, ஆறிப்போன கறியை மறுபடி சூடாக்கி, கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கிழவிட புள்ளயள் செத்தது சும்மாவா போகணும்? சொல்லிப் போடுங்க. அனுப்பினா அனுப்பட்டும். போறதெண்டா நாம எங்க போற? என்ட வீட்டுக்குத்தானே. அங்க உங்களுக்குப் பாய் இரிக்கி."

எட்டு வருடம் அவள் அழுத அழுகையெல்லாம் அந்த வீட்டுக்காகத்தான். இவள் ஊருக்குப் போக ஆசைப்பட்டுச் சொல்கிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பிடிப் பாக்காதீங்க. எனக்கு இஞ்சயும் பழகிட்டு. திங்கள் எண்டா மீன்காரன் எனக்கெண்டு தலையை எடுத்து வைக்கிறான்" என்றாள். மீன் தலையை இங்கே எறிந்துவிடுவார்கள், அது உங்களுக்குத் தெரியாது.

ஹசீனா கதிரையில் கால் மடக்கி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வாப்பா, are they going to send us away?" என்றாள். "தெரியாது மகள்" என்றேன். அவள் எழுந்து வந்து என் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துத் தின்றாள். ஊர்க் கறியை அவள் தொட்டு ஒரு வருடம் இருக்கும்.

6

காலையில் பதிவேட்டையும், நான் மாற்றி எழுதிய இரண்டு பக்கத்தையும், லாச்சிக் கண்ணாடிகளையும் புரொபசர் மேசையில் வைத்தேன். பிழையை முதலில் சொன்னேன். மாற்றி எழுதியதைச் சொன்னேன். பிறகு பதினாலைச் சொன்னேன். என் இங்கிலீசு அவசரத்தில் உடைந்துபோகும். அன்றைக்கு மூன்று தரம் 'தகப்பன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'தாய்' என்றே சொன்னேன்.

"ஏன் தாயை எழுதினாய்?" என்று கேட்டார்.

"என் ஊரில் பிள்ளையைத் தாயை வைத்துத்தான் கேட்பார்கள்" என்றேன். 

அவர் ஏசவில்லை. அந்த நாலு வார்த்தையும் இல்லாதது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. "வீட்டுக்குப் போ. கூப்பிடும்போது வா" என்றார்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். ஆமினா இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி, பிறகு மறுபடி உள்ளே தள்ளினாள். மாலையில் மறுபடி இழுத்தாள். 

மூன்றாம் நாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போனபோது புரொபசர் சவரம் செய்யாத முகத்தோடு நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தார். மேசை முழுக்க என் கண்ணாடிகள். கிழவியையும் மிச்சமிருந்த அவள் குட்டிகளையும் அறுத்துப் பார்த்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் நெஞ்சு சீழ் பிடித்திருந்ததாம். கிழவிக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. சபைக்கு வரமுடியாது என்று அவர் கடிதம் எழுதிவிட்டார். அது மேசையில் ஒட்டாமல் கிடந்தது.

"உன் பிழைக்குக் கந்தோரில் ஒரு கண்டனக் கடிதம் இருக்கும்" என்றார் தலை நிமிராமல். "அதைத் தடுக்க என்னால் முடியாது. வேலைக் கடிதமும் வரும். அதை நான் எழுதினேன்."

  அவர் ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது எந்தத் தாயின் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒன்பது" என்றேன். "சுகமான தாய்."

"நல்லது. ஒன்பதிலிருந்து தொடங்குவோம்."

காயத்துக்கு ஓடிவருகிறவை எங்கிருந்து வருகின்றன என்று இன்னும் முடிவில்லை. சில வெளியிலிருந்து வந்தவைதான், அதில் ஐயமில்லை. கூடுதலானவை முன்னமே அங்கே இருந்தவைபோல் தெரிகிறது. அவையும் ஆதியில் எங்கிருந்து வந்தனவோ. புதுப் பதிவேடு அச்சாகி வந்திருக்கிறது. முதல் பத்தி 'தாய்'.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வேலை இருக்கிறது என்று சொல்லி, ஆமினா முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் பொரிக்கப் போன பிறகு, அலுமாரி மேல் கிடந்த பாடசாலைப் படிவத்தை எடுத்தேன். தகப்பன் பெயர் கேட்ட இடத்துக்கு மேலே, ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன். 'தாய்: ஆமினா. பொன்னாச்சி குடி.' இங்கிலீசு எழுத்தில்தான். ஹசீனா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன, வாப்பா?"

"நீ எங்கயாவது தொலைஞ்சு போனா, ஆர்ர புள்ள எண்டு கேப்பாங்க. அப்ப இதச் சொல்லணும்."

அவள் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள், சண்டை ஒன்றும் இல்லாமலே.

"இஞ்ச ஆரும் அப்பிடிக் கேக்க மாட்டாங்க, வாப்பா."

"இண்டைக்கு ஒராள் கேட்டார்" என்றேன்.